எக்செல்லா, பிடிஎஃப்பா? ஒரு ஃபைலோட ஃபார்மேட்டுக்குப் பின்னால இவ்ளோ விஷயம் இருக்கா?

"லிஸ்ட் அனுப்பிட்டேன், பார்த்துக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வருகிறது. திறந்தால் சில நேரம் போட்டோ, சில நேரம் பிடிஎஃப், சில நேரம் எக்செல். நமக்கு எல்லாம் ஒண்ணுதான். உள்ளே தகவல் இருக்கா? அவ்ளோதான்.

ஆனால் அந்த லிஸ்ட்டை அரசோ, தேர்தல் ஆணையமோ, வங்கியோ வெளியிடும்போது கதையே வேறு. எந்த ஃபார்மேட்டில் கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தத் தகவலை யார் சரிபார்க்க முடியும், எவ்வளவு நாளில் சரிபார்க்க முடியும் என்பது முடிவாகிறது. தேர்தல் பத்திரம் முதல் வாக்காளர் பட்டியல் வரை சமீப ஆண்டுகளில் நடந்த பெரிய சர்ச்சைகளுக்குள் இந்தச் சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது.

என்னதான் பிரச்னை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

2024 மார்ச்: ஒரு பென் டிரைவ், 2 பிடிஎஃப்

தேர்தல் பத்திரத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2024 பிப்ரவரி 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரல் 12 முதல் யார் யார் பத்திரம் வாங்கினார்கள், எந்தெந்தக் கட்சி அதைப் பணமாக்கியது என்ற விவரங்களைத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று எஸ்பிஐ-க்கு உத்தரவிட்டது.

எஸ்பிஐ ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. வாங்கியவர்கள் விவரம் தனியாக, கட்சிகளின் விவரம் தனியாக இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுச் சேர்க்க நேரம் வேண்டும் என்பது வங்கி சொன்ன காரணம். மார்ச் 11-ம் தேதி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. மறுநாளே தகவல் ஒப்படைக்கப்பட்டது. எப்படி? ஒரு பென் டிரைவில், பாஸ்வேர்டு போட்ட 2 பிடிஎஃப் ஃபைல்களாக.

மார்ச் 14-ம் தேதி தேர்தல் ஆணையம் அதை இணையதளத்தில் ஏற்றியது. இரண்டும் சேர்த்து 763 பக்கங்கள். ஒன்றில் வாங்கியவர்கள், இன்னொன்றில் கட்சிகள். அன்று இரவு பல செய்தி அறைகளில் நடந்த முதல் வேலை செய்தி எழுதுவது கிடையாது. அந்த பிடிஎஃப்பை எக்செல்லாக மாற்றுவதுதான்.

ஏன் மாற்ற வேண்டும்? பிடிஎஃப்பில் ஒரே நிறுவனத்தின் பெயர் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும். அதையெல்லாம் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று பார்க்க டேபிள் வேண்டும். அப்படிக் கூட்டிப் பார்த்த பிறகுதான், கோவையைச் சேர்ந்த ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் இருக்கிறது என்ற செய்தி நம் மொபைலுக்கு வந்தது.

அப்போதும் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது தெரியவில்லை. இரண்டு பட்டியலையும் இணைக்கும் பத்திர எண் அதில் இல்லை. நீதிமன்றம் மறுபடியும் கண்டித்த பிறகு மார்ச் 21-ம் தேதி அந்த எண்கள் வந்தன. எண் கிடைத்ததும், டேபிளாக மாற்றி வைத்திருந்தவர்கள் சில மணி நேரத்திலேயே இரண்டு பட்டியலையும் பொருத்திவிட்டார்கள். வங்கி மாதக்கணக்கில் நேரம் கேட்ட அதே வேலை!

மொய் நோட்டும் டேபிளும்

இதை இன்னும் எளிமையாகச் சொல்லணும்னா, கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கும்.

அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினால் படிக்கலாம். ஆனால் "உசிலம்பட்டிக்காரங்க மட்டும் மொத்தம் எவ்ளோ செஞ்சிருக்காங்க?" என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் புரட்டி, பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து கூட்ட வேண்டும். அதே மொய்க் கணக்கு கம்ப்யூட்டர் டேபிளாக இருந்தால் ஊர் பெயரைத் தட்டினால் போதும். மதுரை, தேனி பக்கம் மொய் எழுதவே கம்ப்யூட்டர் வந்துவிட்டதற்குக் காரணம் இதுதான்.

அரசுத் தகவலும் அப்படித்தான். வேர்ல்டு வைடு வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, 2010-ல் இதற்கு ஒரு ஸ்டார் ரேட்டிங் முறையே சொன்னார். யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, எந்த வடிவில் இணையத்தில் போட்டாலும் 1 ஸ்டார். ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் எக்செல் போலக் கணினி படிக்கும் டேபிளாகக் கொடுத்தால் 2 ஸ்டார். ஒரு நிறுவனத்தின் மென்பொருளைச் சாராத சிஎஸ்வி போன்ற வடிவில் கொடுத்தால் 3 ஸ்டார். அதற்கு மேல் இன்னும் 2 படிகள் இருக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி வரும். எக்செல்லே எல்லாருக்கும் தெரிந்ததுதானே? அதற்கு ஏன் 2 ஸ்டார், சிஎஸ்விக்கு ஏன் 3?

ஓப்பன் ஃபார்மேட்னா என்ன?

ஒரு ஃபைலுக்குள் தகவல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விதிமுறைதான் ஃபார்மேட். அந்த விதிமுறை முழுவதும் வெளிப்படையாக இருந்து, யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் மென்பொருளைக் காசு கொடுக்காமல் உருவாக்கலாம் என்றால் அது ஓப்பன் ஃபார்மேட். விதிமுறை ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தால், அந்த நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் ஃபைலைச் சரியாகத் திறக்க முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சிஎஸ்வி என்பது எல்லாவற்றிலும் எளிமையானது. ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. நடுவில் கமா போட்டுப் பிரித்திருக்கும். அவ்ளோதான். நோட்பேடிலும் திறக்கலாம், மொபைலிலும் திறக்கலாம், 30 வருஷம் கழித்தும் திறக்கலாம்.

ஆனால் ஃபார்முலா, கலர், பல ஷீட் எல்லாம் வேண்டும் என்றால் சிஎஸ்வி பத்தாது. அங்கேதான் 20 வருஷமாக ஒரு பெரிய போட்டி நடக்கிறது.

ஒரு பக்கம் ஓடிஎஃப். லிப்ரே ஆஃபீஸ் போன்ற இலவச மென்பொருள்கள் பயன்படுத்தும் வடிவம் இது. இதில் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு ஓடிஎஸ் என்று பெயர். 2006-ல் சர்வதேசத் தரமாக ஐஎஸ்ஓ இதை ஏற்றது.

இன்னொரு பக்கம் மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல். நாம் தினமும் பார்க்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் இந்த வகை. 2008-ல் இதுவும் ஐஎஸ்ஓ தரமானது. ஆனால் சும்மா ஆகவில்லை. சுமார் 6,000 பக்க விதிமுறையை அவசர நடைமுறையில் கொண்டுவருகிறார்கள், ஏற்கெனவே ஒரு தரம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது.

இதில் இந்தியாவின் நிலை என்ன தெரியுமா? 2007-லும் 2008-லும் இந்தியா 'வேண்டாம்' என்றே வாக்களித்தது. தரம் நிறைவேறிய பிறகும் இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுலா ஆகிய 4 நாடுகள் மேல்முறையீடு செய்தன. அது ஏற்கப்படவில்லை.

மைக்ரோசாஃப்ட் தரப்பு வாதம் என்ன? பல கோடிப் பேர் பல ஆண்டுகளாக உருவாக்கிய பழைய ஃபைல்கள் அப்படியே திறக்க வேண்டும், அதனால்தான் விதிமுறை பெரிதாக இருக்கிறது என்பது. எக்ஸ்எல்எஸ்எக்ஸும் இன்று வெளிப்படையான சர்வதேசத் தரம்தான். எக்செல்லிலேயே ஓடிஎஸ் ஃபைலைத் திறக்கலாம், சேமிக்கலாம். ஆனாலும் சண்டை ஓயவில்லை. வடிவத்தைத் தேவையில்லாமல் சிக்கலாக்கி மற்றவர்களால் முழுமையாகப் பின்பற்ற முடியாதபடி வைத்திருக்கிறார்கள் என்று லிப்ரே ஆஃபீஸ் தரப்பு 2025 ஜூலையிலும் குற்றம்சாட்டியது.

அரசுகளில் பிரிட்டன் 2014-லேயே ஆவணங்களைப் பகிர்ந்து திருத்த ஓடிஎஃப் என்று முடிவெடுத்தது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆஃபீஸுக்கு மாற்றப்போவதாக 2024-ல் அறிவித்தது.

எக்செல்லுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்கு?

சரி, எக்செல்லாகவே கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பிரிட்டனில் நடந்த 2 சம்பவங்களைப் பாருங்கள்.

முதலாவது, 2020. கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். ஆய்வகங்கள் சிஎஸ்வியாக அனுப்பிய பரிசோதனை முடிவுகளை இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியது. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்தவை சத்தமே இல்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பாதிப்புகள் தினசரிக் கணக்கில் வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை தாமதமானது. தொற்றுநோயில் ஒரு வாரத் தாமதம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கும் தெரியும்.

இரண்டாவது, 2023 ஆகஸ்ட். வடக்கு அயர்லாந்து காவல்துறையில் எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். பதில் எக்செல் ஃபைலாகப் போனது. கேட்டது வெறும் எண்ணிக்கைதான். ஆனால் அந்த ஃபைலுக்குள் மறைத்துவைக்கப்பட்ட இன்னொரு ஷீட் இருந்தது. அதில் 9,483 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாமே. சில மணி நேரம் அது இணையத்தில் கிடந்தது. காவலர்கள் தங்கள் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லத் தயங்கும் ஊர் அது. பிறகு காவல்துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இதன் பிறகு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அரசு அமைப்புகளுக்குச் சொன்னது என்ன? தகவல் கேட்பவர்களுக்கு மூல எக்செல் ஃபைலை இணையத்தில் அப்படியே ஏற்றாதீர்கள், சிஎஸ்வியாக மாற்றிக் கொடுங்கள் என்பதுதான். காரணம் எளிது. சிஎஸ்வியில் ஒரே ஒரு டேபிள்தான் இருக்கும். மறைத்துவைக்க இரண்டாவது ஷீட்டே கிடையாது. கண்ணுக்குத் தெரிவதுதான் ஃபைல்.

ஓப்பன் ஃபார்மேட் என்றால் எல்லாவற்றையும் திறந்து போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே பாருங்கள், ரகசியத்தைக் காப்பாற்றவும் அதுதான் உதவியது.

அப்போ சிஎஸ்வி போதுமா? தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கு

சிஎஸ்விக்கும் குறைகள் உண்டு. தமிழ்ப் பெயர்கள் உள்ள ஒரு சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்து பார்த்திருக்கிறீர்களா? பல நேரங்களில் தமிழ் எழுத்துகள் காணாமல் போய், புரியாத குறியீடுகளாக வந்து நிற்கும். தகவல் அழியவில்லை. எந்த எழுத்துமுறையில் எழுதியது என்பதை எக்செல் தப்பாகப் புரிந்துகொண்டது, அவ்ளோதான். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற தேர்வைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

இன்னொரு தலைவலி பழைய ஃபான்ட். பாமினி போன்ற ஃபான்ட்டில் டைப் செய்த பட்டியலை, அந்த ஃபான்ட் இல்லாத மொபைலில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடினாலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனால் பழைய ஃபான்ட் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடுத்தது, எக்செல்லின் அதிகப்பிரசங்கித்தனம்! சிஎஸ்வியைத் திறக்கும்போது அதுவே சிலவற்றை மாற்றிவிடும். 0-வில் தொடங்கும் எண்ணில் அந்த 0 போய்விடும். எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அதைப் பார்க்காமல் சேமித்துவிட்டால் மூல எண் போனது போனதுதான்.

இது விஞ்ஞானிகளையே படுத்தியிருக்கிறது. 'மார்ச்1', 'செப்ட்2' என்று பெயர் வைத்த மனித மரபணுக்களை எக்செல் மார்ச் 1-ம் தேதி, செப்டம்பர் 2-ம் தேதி என்று மாற்றிக்கொண்டே இருந்தது. மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தத் தவறு இருந்ததாக 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். மென்பொருளுக்காக அறிவியல் வளைந்து கொடுத்தது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் 2023-ல்தான் கொடுத்தது.

ஆன்லைன் ஷீட்: வசதி ஒரு பக்கம், வாசல் இன்னொரு பக்கம்

"ஃபைலே வேண்டாம்ப்பா, கூகுள் ஷீட் லிங்க் அனுப்பு" என்பதுதான் இப்போதைய பழக்கம். பலர் ஒரே நேரத்தில் திருத்தலாம் என்பது பெரிய வசதி. கொரோனா காலத்தில் கோவிட்19இந்தியா என்ற தன்னார்வலர் குழு இப்படித்தான் வேலை செய்தது. தமிழ்நாடு உட்பட மாநிலங்கள் பிடிஎஃப்பாகவும் ட்வீட்டாகவும் வெளியிட்ட தகவலை உட்கார்ந்து டேபிளில் ஏற்றினார்கள். அதை சிஎஸ்வியாக எல்லாருக்கும் திறந்து கொடுத்தார்கள். 2021 அக்டோபர் 31-ம் தேதி அந்தப் பணியை நிறுத்தினார்கள். பிறகும் அந்தத் தகவல் ஆய்வுகளுக்குப் பயன்படுகிறது என்றால், சிஎஸ்வியாக வெளியே கிடப்பதும் ஒரு காரணம்.

ஆனால் ஆன்லைன் ஷீட் என்பது உங்கள் கையில் இருக்கும் ஃபைல் இல்லை. அது இன்னொருவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதற்குப் போகும் வழி மட்டும்தான்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்டால், 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். ரஷ்ய நிறுவனத்தின் பங்கு இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து இந்தியாவில் இயங்கும் அந்த நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றன. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு சேவைகள் திரும்பின. எங்கோ எடுத்த முடிவில் இங்கே ஓர் அலுவலகம் தன் மெயிலையும் ஃபைலையும் தொட முடியாமல் நின்றது.

அதன் பிறகுதான் சுதேசி மென்பொருள் பேச்சு சூடுபிடித்தது. 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் அதிகாரிகளை ஸோஹோ ஆஃபீஸ் தொகுப்பைப் பயன்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. சென்னையிலும் தென்காசியிலும் வளர்ந்த நிறுவனம் என்பதால் நம்மூரில் இது பெருமையாகப் பேசப்பட்டது.

பெருமை சரிதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மென்பொருளை மாற்றும்போது ஃபைலின் ஃபார்மேட்டும் ஓப்பனாக இருக்குமா? நாளை இந்தச் சேவையிலிருந்தும் வெளியேற வேண்டும் என்றால், எல்லாத் தகவலையும் சேதாரம் இல்லாமல் எடுத்துக்கொண்டு போக முடியுமா? வீட்டுக்காரர் நம்ம ஊர்க்காரர் என்பதற்காக வாடகை ஒப்பந்தம் போடாமல் யாரும் குடிபோவதில்லையே!

வாக்காளர் பட்டியல்: இங்கேதான் விவாதம் உண்மையிலேயே கடினம்

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. எழுத்தாகத் தேட முடியாத, படமாக உள்ள பிடிஎஃப். 2018-ல் இருந்து இதுதான் நடைமுறை.

தேடக்கூடிய வடிவில் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடர்ந்த வழக்கில், 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தேவைப்படுபவர்கள் தங்கள் முயற்சியில் மாற்றிக்கொள்ளலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

2025 ஆகஸ்ட் 7-ம் தேதி ராகுல் காந்தி பெங்களூருவின் மகாதேவபுரா தொகுதிப் பட்டியலைக் காட்டி முறைகேடு புகார் சொன்னபோது இந்த விவகாரம் மறுபடி வெடித்தது. கணினி படிக்கும் வடிவில் கொடுக்காததால் காகிதக் கட்டுகளை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது, அதற்கே 6 மாதம் ஆனது என்றார். ஆணையம் அவரது புகாரை மறுத்தது. நீதிமன்றத் தீர்ப்பையும் வாக்காளர்களின் தனியுரிமையையும் காரணமாகச் சொன்னது. ஒரு வாக்காளர் தன் அடையாள அட்டை எண்ணைப் போட்டு இணையதளத்தில் தேடலாம், அது வேறு, மொத்தப் பட்டியலையும் கணினி படிக்கும் வடிவில் கொடுப்பது வேறு என்றும் விளக்கியது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கணினி படிக்கும் பட்டியல் கிடைத்தால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறதா, ஒரே முகவரியில் எத்தனை பேர் என்று சாதாரண மனிதர்களும் சில நிமிடங்களில் பார்க்கலாம். அதே பட்டியல் தவறான கைக்குப் போனால் கோடிக்கணக்கானோரின் பெயர், வயது, முகவரியை வைத்து மோசடிக் கும்பல் வலைவீசலாம். சாதி, மதவாரியாக ஆட்களைப் பிரித்துக் குறிவைக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட பிடிஎஃப் யாரைத் தடுக்கிறது? பணமும் ஆட்களும் உள்ள கட்சியோ, டேட்டா வியாபாரியோ மென்பொருளை வைத்து எப்படியாவது எழுத்தாக மாற்றிக்கொள்வார்கள். மாற்ற முடியாமல் நிற்பவர் யார்? தன் தெருவின் பட்டியலில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க நினைக்கும் நீங்களும் நானும்தான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிய பிறகு, பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் குடும்பத்தினர் பெயரைத் தேடியவர்களுக்கு இது புரியும்.

தனியுரிமைதான் கவலை என்றால் அதற்கு வேறு வழிகளும் உண்டு. எந்தெந்த விவரத்தை வெளியிடுவது, எதை நீக்குவது என்று முடிவெடுக்கலாம். யார் பதிவிறக்குகிறார்கள் என்று பதிவு செய்யலாம். தவறாகப் பயன்படுத்தினால் தண்டிக்கலாம். படிக்கக் கஷ்டமாகக் கொடுப்பது பாதுகாப்பு ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்லுது?

நம் நாட்டில் கொள்கை இல்லாமல் இல்லை. மின் ஆளுமைக்கான ஓப்பன் ஸ்டாண்டர்டு கொள்கையை மத்திய அரசு 2010 நவம்பரிலேயே அறிவித்தது. அரசுத் தகவல்களை மனிதர்களும் கணினியும் படிக்கும் வடிவில் பகிர வேண்டும் என்ற தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை 2012-ல் வந்தது. அதன்படி உருவான அரசின் தரவுத் தளத்தில் இன்று எக்கச்சக்கமான சிஎஸ்வி ஃபைல்கள் கிடைக்கின்றன.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 7(9). தகவலை எந்த வடிவில் கேட்கிறோமோ, சாதாரணமாக அந்த வடிவிலேயே கொடுக்க வேண்டும் என்கிறது அது. அலுவலகத்தின் வளங்களுக்கு அளவுக்கு மீறிச் சுமையாகும், அல்லது ஆவணத்துக்குச் சேதம் வரும் என்றால் மட்டும் விதிவிலக்கு. கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவில் பெறும் உரிமையைப் பிரிவு 2(ஜே) கொடுக்கிறது.

அதாவது, ஆர்டிஐ மனுவில் "இந்த விவரம் உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்ப்ரெட்ஷீட்டாக இருந்தால், சிஎஸ்வி அல்லது ஓடிஎஸ் வடிவில் வழங்கவும்" என்று ஒரு வரி சேர்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நீங்க என்ன செய்யலாம்?

* அசோசியேஷன் கணக்கு, கோயில் கமிட்டி வரவு செலவு, பள்ளி நன்கொடைப் பட்டியல் எதுவாக இருந்தாலும் போட்டோவாக அனுப்பாமல் டேபிளாக அனுப்புங்கள். கேட்பவர் கூட்டிப் பார்க்கட்டும்.

* எக்செல்லை வெளியே அனுப்பும் முன் மறைத்துவைத்த ஷீட், வரிசை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தேவையான டேபிளை மட்டும் சிஎஸ்வியாக மாற்றி அனுப்புவது பாதுகாப்பானது.

* கூகுள் ஷீட்டில் 'லிங்க் உள்ள எவரும்' என்ற தேர்வைப் போன் நம்பர், ஆதார் எண் உள்ள ஷீட்டுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தாலும், காப்பி எடுப்பதைத் தடுக்காவிட்டால் மறைத்த ஷீட்டையும் திறந்துவிடலாம்.

* முக்கியமான ஆன்லைன் ஷீட்டை மாதம் ஒருமுறையாவது ஓடிஎஸ் அல்லது சிஎஸ்வியாக டவுன்லோடு செய்து உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

* வங்கிக் கணக்கு எண், போன் நம்பர் உள்ள வரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிய பிறகு டைப் செய்யுங்கள். தமிழுக்கு எப்போதும் யூனிகோடுதான்.

தகவல் கொடுத்துவிட்டோம் என்று அரசு சொல்லும்போது அடுத்த கேள்வி நம்முடையது. எந்த ஃபார்மேட்டில் கொடுத்தீங்க? நாங்களே கூட்டிப் பார்க்க முடியுமா? முடியும் என்றால்தான் அது கணக்கு காட்டுவது. இல்லையென்றால், மொய் நோட்டைத் தூரத்தில் இருந்து தூக்கிக் காட்டிவிட்டு மூடி வைப்பது மாதிரிதான்.